முழு நேரம் என்னும் மூடநம்பிக்கை

"பொழப்பையும் பாத்துட்டு இதையும் செய்ய முடியுமா கண்ணு? ஒண்ணு வேலைய விடோணும், இல்லீன்னா இதை விடோணும்." கிணத்துக்கடவுப் பக்கம் ஓர் இளைஞன் இருநூறு பக்கத்தில் சித்திரக்கதை வரையப்போகிறேன் என்று சொன்னால், வீட்டுத் திண்ணையிலிருந்து டீக்கடை வரைக்கும் இதுதான் பதில். சொல்கிறவர்கள் அவன்மேல் அக்கறை உள்ளவர்கள்தான். பவுண்டரியிலும் பம்ப் கம்பெனியிலும் தென்னந்தோப்பிலும் தக்காளி மண்டியிலும் உடம்பை வளைத்துப் பிழைத்தவர்களுக்கு உழைப்பின் அருமை தெரியும். ஆனாலும் அவர்கள் சொல்வது தவறு. அந்தத் தவற்றை வரைகிறவர்களும் நம்பிவிட்டதுதான் பெரிய கேடு.

இந்த நம்பிக்கைக்கு இரண்டு முகம். ஒன்று, "வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் உட்கார்ந்தால்தான் பெரிய கதையை முடிக்கலாம்" என்பது. மற்றொன்று, "பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, ரிட்டயர் ஆனதும் வரைந்துகொள்ளலாம்" என்பது. முதலாவதை நம்பியவன் கையில் இருந்த சம்பளத்தை இழக்கிறான். இரண்டாவதை நம்பியவன் முப்பது ஆண்டை இழக்கிறான். இருவர் வீட்டிலும் கதை பாதியில் நிற்கிறது.

வேலையில் இருந்துகொண்டே நீண்ட சித்திரக்கதையை முடித்தவர்கள் உலகத்தில் இல்லையா? இந்தக் கலையின் உச்சியில் வைத்துப் பேசப்படும் நூலே அப்படி உருவானதுதான். யூத இனப் படுகொலையில் தப்பிய தன் தந்தையின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மேன் 'மௌஸ்' என்ற பெயரில் வரைந்தார். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி அவர் டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனிக்கு ஸ்டிக்கர்களும் அட்டைகளும் உருவாக்கிச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனியோடு அவருக்கு ஏறக்குறைய 20 ஆண்டுத் தொடர்பு. மனைவி பிரான்சுவாஸ் மூலியோடு சேர்ந்து நடத்திய 'ரா' பத்திரிகையில் 1980 முதல் 1991 வரை அத்தியாயம் அத்தியாயமாக மௌஸ் வந்தது. முதல் பாகம் 1986-இலும் இரண்டாம் பாகம் 1991-இலும் நூலாயின. 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. மொத்தம் ஏறக்குறைய 300 பக்கம். கணக்குப் போட்டால் சராசரியாக இரண்டு வாரத்துக்கு ஒரு பக்கம். இரண்டு வாரத்துக்கு ஒரு பக்கம் என்பது சம்பள வேலையில் இருக்கும் எவருக்கும் எட்டாத கனியா?

ஹார்வி பீக்கர் கிளீவ்லாந்து நகரத்தில், முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையில் கோப்பு எழுத்தராக இருந்தார். 1976-இல் 'அமெரிக்கன் ஸ்பிளெண்டர்' என்ற சித்திரக்கதை இதழைத் தன் கைக்காசில் வெளியிடத் தொடங்கினார். அவருக்கு வரைய வராது. கதையைத் தான் எழுதிக் கட்டம் பிரித்துக் கொடுக்க, ராபர்ட் கிரம்ப் முதலானவர்கள் வரைந்தார்கள். புகழ் வந்த பிறகும் அவர் வேலையை விடவில்லை. 2001-இல் ஓய்வு பெறும்வரை கோப்பு அடுக்கினார். அந்த மருத்துவமனை வராந்தாவும் சக ஊழியர்களின் பேச்சும்தான் அவருடைய கதைகள். வேலையை விட்டிருந்தால் எதை எழுதியிருப்பார்?

ஜீன் லுவென் யாங் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் நடத்தியவர். 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' கதையை அத்தியாயம் முடிய முடிய ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்து விற்றவர். 2006-இல் அது நூலானபோது, அமெரிக்க தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற முதல் சித்திரக்கதை நூல் என்ற பெயர் பெற்றது. அதற்குப் பிறகும் அவர் ஆண்டுக்கணக்கில் ஆசிரியராகவே இருந்தார்.

எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். முழு நேரமும் ஸ்டுடியோவும் உதவியாளர்களும் இருந்தால் முடிந்துவிடுமா? ஜப்பானின் ஒசாமு தெசுகா 1950-களில் தொடங்கிய 'பீனிக்ஸ்' 1989-இல் அவர் இறந்தபோது முற்றுப்பெறவில்லை. டின்டினைப் படைத்த ஹெர்ஜே 1983-இல் மறைந்தபோது கடைசிக் கதை வெறும் வரைவாக நின்றது. கென்டாரோ மியுரா 1989 முதல் வரைந்த 'பெர்செர்க்' தொடரை முடிக்காமலே 2021-இல் மறைந்தார். இவர்களைக் குறை சொல்லும் தகுதி யாருக்கும் இல்லை. சாவு குறுக்கே வந்தது. ஆனால் ஒன்று தெளிவு. முழு நேரம் என்பது முடிவுக்கு உத்தரவாதம் அல்ல.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "எழுத்து வேறு, படம் வேறு. கூட்டுறவுத் துறை வேலையில் இருந்த பூமணியால் நாவல்கள் எழுத முடிந்திருக்கலாம். கோவையில் வாழும் நாஞ்சில்நாடன் விற்பனை வேலையில் ஊர் ஊராக அலைந்துகொண்டே இத்தனை நூல்கள் எழுதியிருக்கலாம். படம் அப்படி இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் முழுக்க ஆகும், தொடர்ச்சியாக உட்கார வேண்டும்" என்பார்கள்.

ஒரு பக்கத்துக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆகும் என்பது உண்மை. அந்த நேரம் ஒரே மூச்சில் கிடைக்க வேண்டும் என்பதுதான் பொய். எழுத்தைவிடச் சித்திரக்கதைதான் துண்டு நேரத்துக்கு இசைந்து கொடுக்கும். கதைவசனம் எழுதுவது, கட்டம் பிரிப்பது, பென்சில் போடுவது, இங்க் பண்ணுவது, பலூனுக்குள் எழுத்து வைப்பது, ஸ்கேன் எடுத்துத் துடைப்பது என்று ஒரு பக்கம் பல வேலைகளாகப் பிரிந்து கிடக்கிறது. வசனத்துக்குத் தனிமை வேண்டும். அது விடிகாலை வேலை. கட்டம் பிரிப்பதற்கு ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். கோவை உக்கடத்தில் பஸ் ஏறி ஊர் வந்து சேர்வதற்குள் ஒரு பக்கத்தைப் பிரித்துவிடலாம். பென்சில் முடிந்த பக்கத்துக்கு இங்க் பண்ணும்போது பக்கத்தில் பிள்ளை வீட்டுப்பாடம் செய்யலாம், அதனோடு பேசவும் செய்யலாம். கையில் இருக்கும் அரை மணிக்கு எந்த வேலை பொருந்தும் என்று தெரிந்தவனுக்கு அரை மணி வீணாவதில்லை.

வாரம் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 52 வாரம். நோம்பி, கல்யாணம், காய்ச்சல், பிள்ளைகளின் பரீட்சை என்று பன்னிரண்டு வாரத்தைக் கழித்தாலும் 40 பக்கம். நான்கு ஆண்டில் 160 பக்கம். பதினாறு பக்கம் ஒரு பாரம் என்ற அச்சகக் கணக்கில் பத்துப் பாரம். ஒழுங்கான புத்தகம். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பாறையைக் குடைந்து இறங்கும் ஆழக் கிணறுகள் பலவும் இப்படித்தான் உருவாயின. வெள்ளாமை நடக்கும்போது வெள்ளாமை, கோடையில் தண்ணீர் இறங்கினால் இன்னும் ஒரு மட்டம் வெட்டு. கிணறு வெட்டுவதற்காக எந்தக் குடியானவரும் பண்ணையத்தை விட்டுவிடவில்லை.

அப்படியானால் கதைகள் ஏன் பாதியில் நிற்கின்றன? நேரம் இல்லாததால் அல்ல, முடிவு இல்லாததால். முதல் கதையே ஏழு பாகம், மூன்று தலைமுறை, இரண்டு சாம்ராஜ்யம். வரைபடம் போட்டாயிற்று, வம்சாவளி எழுதியாயிற்று, நாயகனின் கத்திக்குப் பத்து மாதிரி வரைந்தாயிற்று. முதல் பக்கம் மட்டும் வரவில்லை. வந்தாலும் இருபதாம் பக்கத்தில் கை தேறியதும் முதல் பக்கம் கண்ணை உறுத்துகிறது. உடனே திரும்பப் போய் அதை வரைகிறார்கள். இந்த நோய்க்கு முழு நேரம் மருந்து அல்ல. முழு நேரம் கொடுத்தால் நோய் இன்னும் வளரும். ஹெர்ஜேயும் பழைய படங்களைத் திருத்தியவர்தான். 1930-களின் இறுதியில் வந்த 'பிளாக் ஐலண்ட்' கதையை 1966-இல் முழுக்கப் புதிதாக வரைந்து வெளியிட்டார். ஆனால் அது முடிந்து, அச்சாகி, லட்சக்கணக்கானோர் படித்த பிறகு.

தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய 'கன்னித்தீவு' நமக்கு இரண்டு பாடம் சொல்கிறது. நாளுக்குச் சில கட்டங்கள் என்று வைத்துக்கொண்டால் மலையளவு பக்கம் சேரும் என்பது ஒன்று. முடிவைத் தீர்மானிக்காமல் தொடங்கினால் அது தலைமுறை தாண்டியும் ஓடும் என்பது மற்றொன்று. நாளேட்டுக்கு முடியாத தொடர் தேவை. அதற்கு அது தொழில். வேலையும் குடும்பமும் உள்ள தனி மனிதனுக்குத் தேவை கடைசிக் கட்டம் என்னவென்று தெரிந்த கதை. கடைசிப் பக்கத்தை முதலில் எழுதுங்கள். பதினாறு பக்கத்துக்கு ஓர் அத்தியாயம், ஒரு பாரம் என்று வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் தனியே படிக்கக் கொடுக்கும்படி முடியுங்கள். அத்தியாயம் அத்தியாயமாக முடித்து வெளியிடுவதைத்தான் ஸ்பீகல்மேனும் யாங்கும் செய்தார்கள்.

வேலையை விட்டவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழில் சொந்தச் சித்திரக்கதைக்குக் கிடைக்கும் பணத்தில் குடும்பம் நடக்காது. ஆகவே வேலையை விட்டவன் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறான், லோகோ போடுகிறான், யார் யாருடைய யூடியூபுக்கோ முகப்புப் படம் செய்கிறான். பகலெல்லாம் கூலிக்கு வரைந்த கை ராத்திரி தன் கதைக்கு வரைய மறுக்கிறது. சம்பள வேலையில் இருப்பவனுக்கு அந்தக் கை புதிதாக மிஞ்சுகிறது. அவன் கதையை எந்தப் பதிப்பாளருக்காகவும் வளைக்க வேண்டியதும் இல்லை. கலைஞனுடைய சுதந்திரத்துக்கு மாதச் சம்பளம் எதிரி அல்ல, பல நேரம் அதுதான் காவல்.

குடும்பம் தடை என்ற பேச்சு இதைவிட மோசம். வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒருவனுக்கு அறையை ஒழித்துக் கொடுத்தால்தான் கலை பிறக்கும் என்று ஆண்கள் பேசிப் பழகிவிட்டோம். அந்த அறை ஒழிந்தபோது சமைத்தது யார், பிள்ளையைத் தூங்க வைத்தது யார்? கோலத்தில் புள்ளி தவறாத கை இந்த ஊர்ப் பெண்களுக்கு உண்டு. அவர்களில் எத்தனை பேருக்கு வாரம் நான்கு மணி நேரம் யாரும் கூப்பிடாத நேரமாகக் கிடைக்கிறது? வீட்டு வேலையைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளாமல் வரைந்து முடித்த புத்தகத்தில், அட்டையில் வராத ஒருவரின் உழைப்பு திருடப்பட்டிருக்கிறது. வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். இந்த நேரம் எனக்கு, அந்த நேரம் உனக்கு. ஆண் வரைய வீடு விட்டுக்கொடுக்கும் நேரத்தைப் பெண் வரையவும் அதே வீடு விட்டுக்கொடுக்க வேண்டும்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நின்று, படுக்கையில் கிடக்கும் பெற்றோரையும் பார்த்துக்கொள்கிறவரிடம் போய் முயற்சி போதாது என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு வேண்டியது அறிவுரை இல்லை. எட்டு மணி நேர வேலையும் நியாயமான கூலியும். ஆனால் வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம் துண்டு துண்டாகவாவது கையில் இருந்தும், முழு நாள் கிடைக்கவில்லை என்று காத்திருக்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

ஏனென்றால் இழப்பு அவர்களுடையது மட்டும் அல்ல. 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து தொடங்கிய காலம் முதல் அயல்நாட்டு நாயகர்களான இரும்புக்கை மாயாவியையும் டெக்ஸ் வில்லரையும் நாம் கொண்டாடி வருகிறோம். கொண்டாட வேண்டியவைதான். ஆனால் நம்முடைய கதைகள்? கொங்கு மண்ணின் பெருங்காவியமான அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் நீளும் உடுக்கைப் பாட்டாக வளர்த்தவர்கள் பகலில் உழைத்த மக்கள். விடிய விடியக் கேட்டு அதைக் காத்தவர்களும் உழைத்த மக்களே. காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1965-இல் அதை ஒலிநாடாவில் பதிவு செய்தவர் மானிடவியலாளர் பிரெண்டா பெக். பல பத்தாண்டுகள் விடாமல் உழைத்து, ஓவியர் ரவிச்சந்திரன் ஆறுமுகத்தின் படங்களோடு 26 பகுதி அசைவூட்டத் தொடராகவும் சித்திரக்கதையாகவும் அதை வெளிக்கொண்டுவந்தவரும் அவரே. அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து வந்தவர் அத்தனை ஆண்டு கொடுத்த கதைக்கு, உள்ளூரில் இருக்கும் நாம் வாரம் ஒரு பக்கம் கொடுக்க முடியாதா?

1946 ஜனவரி 8-ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நால்வரின் கதை இருக்கிறது. மலையைக் குடைந்து தண்ணீரைத் திருப்பிய பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் உழைத்தவர்களின் கதை இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும், தக்காளி விலை விழுந்த நாளில் மண்டி வாசலும், பவுண்டரியின் ராத்திரி ஷிப்டும் இருக்கின்றன. இவற்றை உள்ளே இருந்து அறிந்தவர்கள் வேலைக்குப் போகிறவர்கள்தான். முழு நேரக் கலைஞர் ஒருவர் எங்கிருந்தோ வந்து வரைவார் என்று காத்திருந்தால் அந்த முகங்கள் மறைந்துபோகும்.

ஆகவே வரையத் தெரிந்தவர்களே, வேலையை விடாதீர்கள். ரிட்டயர்மென்ட்டுக்கும் காத்திருக்காதீர்கள். ஏழு பாகத்தை ஒரு பாகமாகக் குறையுங்கள். கடைசிப் பக்கத்தைத் தீர்மானியுங்கள். வீட்டாரோடு பேசி நேரத்தைப் பங்கிடுங்கள். இந்த வாரம் ஒரு பக்கத்தை முடியுங்கள்; அடுத்த வாரம் அதைத் திருத்தாமல் அடுத்த பக்கத்துக்குப் போங்கள். நான்கு ஆண்டு எப்படியும் கழியத்தான் போகிறது. அது கழியும்போது உங்கள் கையில் ஒரு புத்தகம் இருக்கட்டும்.