வருமானம் ஏறலாம், செலவும் ஏறணுமா?

சம்பளம் கூடின மாசமே வீட்டுச் சாமான்களெல்லாம் நம் கண்ணுக்குக் கிழடாகிவிடும், கவனித்திருக்கிறீர்களா? நேற்றுவரை போதுமாயிருந்த ஃப்ரிட்ஜ் இன்று சின்னதாகத் தெரியும். நன்றாக அரைக்கிற மிக்ஸியின் நிறம் பிடிக்காது. தவணையில் தருகிறேன் என்று கடைக்காரர் வேறு கூப்பிடுவார்!

இந்த நோய்க்கு மருந்து சொன்னவர் ஜான் வெஸ்லி. 1703-ல் இங்கிலாந்தில் பிறந்து, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர். ஆக்ஸ்போர்டில் இருந்த ஓர் இளைஞரின் வரவு செலவைத் தம் பிரசங்கமொன்றில் சொல்லியிருக்கிறார். அந்த இளைஞருக்கு முதல் வருஷ வருமானம் 30 பவுன். 28-ல் ஜீவனம் நடத்தி, 2 பவுனைத் தானம் செய்தார். மறு வருஷம் வருமானம் 60 ஆனது. செலவு அதே 28, கொடுத்தது 32. மூன்றாம் வருஷம் 90, கொடுத்தது 62. நான்காம் வருஷம் 120; கொடுத்தது 92! அந்த இளைஞர் வெஸ்லியேதான் என்பார்கள்.

நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கைப்பிடி அரிசி எடுத்துவைப்பது உண்டல்லவா? உலை வைக்கும்போதே ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென்று தனியே போட்டுவிடுவோம். சாப்பிட்டு மிஞ்சினால் கொடுப்போம் என்றிருந்தால் அந்தப் பானை நிறையுமா? பணமும் அப்படித்தான்.

என் கணவருக்குப் பதவி உயர்வு வந்தபோது, இரண்டு பேரும் ஜெபம் செய்துவிட்டு ஒரு நோட்டில் மாசச் செலவுக்கான தொகையை எழுதினோம். மளிகை, பால், காஸ், கரண்ட், படிப்பு, துணிமணி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வைத்தியத்துக்கும் வயதான காலத்துக்கும் சேமிப்பு தனி. விலைவாசி ஏறுகிறதே என்பீர்கள். வருஷத்துக்கு ஒரு தரம், ஜனவரியில், அரிசி பருப்பு விலை ஏறின அளவுக்குத் தொகையைக் கூட்டுவோம். சம்பளம் ஏறின அளவுக்கு அல்ல. மீதி, பிறருக்கு.

"என்ன மைனி, அண்ணன் ஆபீசராகியும் இன்னும் இந்தப் பழைய டி.வி.தானா?" என்பாள் நாத்தனார். அதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். கல்லூரிக்குப் போகிற மகள் கேட்டதுதான் உறைத்தது. "கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் மூணு டிரஸ் எடுக்காங்க. நாம மட்டும் ஏம்மா இல்லாதவங்க மாதிரி இருக்கணும்?"

நான் பிரசங்கம் பண்ணவில்லை. நோட்டை அவளிடம் கொடுத்தேன். எங்கள் தெருவில் நர்சிங் படிக்கிற பெண்ணுக்குக் கட்டின ஃபீஸ் கணக்கு அதில் இருந்தது. வாசித்தாள், ஒன்றும் பேசவில்லை. ஒரு சுடிதார்தான் எடுத்தாள். முகம் வாடித்தான் இருந்தது, மறைப்பானேன்? ஆனால் ஜனவரியில் நாங்கள் தொகை எழுத உட்கார்ந்தபோது, தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "போன வருஷ அரிசி விலை என்னம்மா?" என்று கேட்டாள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கலந்துகொள்ளுங்கள். ஒருவர் மட்டும் பிடித்த பிடி நிற்காது. ஒன்று மட்டும் முக்கியம். தொகையைச் சம்பளம் வருமுன்னே எழுதிவிடுங்கள். பணம் கைக்கு வந்துவிட்டால், அது தானே வளர்ந்துவிடும்!