கைக்கருவியும் கூட்டுறவும்

மலிவான கையடக்கக் கணிப்பொறி ஒன்று வரப்போகிறது என்னும் வதந்தி நமக்குப் புதிதன்று. 2001-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் கூடிச் ‘சிம்ப்யூட்டர்’ என்னும் கருவியை அறிமுகம் செய்தனர். விலை ஏறக்குறைய 9,000 ரூபாய் என்று பேசப்பட்டது. கடைக்கு வந்ததோ 2004-இல். விற்றது சில ஆயிரமே. 2011-இல் ‘ஆகாஷ்’ வந்தபோதும் பேச்செல்லாம் விலையைப் பற்றியதாகவே இருந்தது.

ஆயினும், சிம்ப்யூட்டரில் நாம் மறக்கலாகாத கருத்தொன்று உண்டு. எழுத்தறியாதவர்க்கு அது இந்திய மொழியில் வாசித்துக் காட்டும். ஒரு கருவியை ஊரார் பலரும் பயன்படுத்தலாம். தத்தம் விவரம் அடங்கிய சிறு அட்டையை அவரவர் வைத்துக்கொண்டால் போதும். இது கூட்டுறவுத் தத்துவமன்றி வேறென்ன?

இன்று கைப்பேசி பல வீடுகளில் உண்டு. ஆனால் நூல் இருப்பையும், கூலிக் கணக்கையும், மாட்டுத்தாவணியின் அன்றைய மல்லிகை விலையையும் தமிழில் உரக்கச் சொல்லும் பொதுக் கருவி சங்கத்தில் இருந்தால், படிக்கத் தெரியாத அங்கத்தினரும் தம் கணக்கைப் பிறர் தயவின்றி அறிவர்.

ஆகவே, அன்பர்களே, புதிய கருவியின் விலையைக் கேட்குமுன் பொதுக்குழுவில் மூன்று கேளுங்கள்: நம் மொழியில் பேசுமா? பழுதானால் மதுரையிலேயே சீர்செய்ய இயலுமா? நம் கணக்கு யார் வசம் இருக்கும்?