தேர் நிலைக்கு வந்த பிறகும் தொடர வேண்டிய திருப்பணி

திருவிழா நெருங்கும்போது ஆலயங்களில் முதலில் அச்சேறுவது உபயகாரர்களின் பட்டியலே ஆகும். காலைப் பூசை ஒரு குடும்பத்தாருடையது, மாலை அபிஷேகம் மற்றொரு குடும்பத்தாருடையது, அன்னதானம் தொழிற்சாலை நண்பர்களுடையது என எல்லா நாட்களுக்கும் பெயர்கள் நிரம்பிவிடுகின்றன. அதே பந்தலில், அதே ஒலிபெருக்கியில் இடையிடையே வேறோர் அறிவிப்பும் ஒலிப்பதுண்டு. சாலை விபத்தில் சிக்கிய ஒரு சிறுவனுக்காகவோ, வெந்நீர் கொட்டி உடல் வெந்துபோன ஒரு சிறுமிக்காகவோ உதவி நாடும் அறிவிப்பு அது. உண்டியல் வரிசை வரிசையாகச் சுற்றி வருகிறது. பக்தர்கள் மனமிரங்கிக் கொடுக்கிறார்கள். மேடையில் தொகை ஒப்படைக்கப்படுகிறது, படமும் எடுக்கப்படுகிறது. தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபின் அந்தக் குடும்பத்தின் வாசலில் கால் வைப்பார் எவருமில்லை.

இரக்கத்தில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. மாசி மகத்தன்று மலாக்கா பட்டணத்திலிருந்து செங் சன்னாசிமலைக்கு இரதம் செல்லும் வழியில், முன்பின் அறியாதவர்க்கும் மோரும் பானகமும் வார்க்கும் கைகள் அவை. குறை இருப்பது காலக் கணக்கில். பெரியவர் ஒருவரின் காயம் ஆறினால் பெரும்பாலும் அதனோடு முடிந்துவிடும். குழந்தையின் காயம் அப்படிப்பட்டதன்று. ஆழமாக வெந்த தோல் ஆறித் தழும்பான பிறகு, குழந்தையின் எலும்பும் சதையும் வளரும் வேகத்திற்கு அந்தத் தழும்பு வளர்ந்து கொடுப்பதில்லை. கழுத்தையும் அக்குளையும் முழங்கையையும் விரல்களையும் அது சுருக்கி இழுக்கிறது. அதனை விடுவிக்க ஓர் அறுவை சிகிச்சை செய்தால், சில ஆண்டுகளில் மற்றொன்று தேவைப்படலாம். இடையில் நாள் முழுவதும் அழுத்த உடை அணிந்திருக்க வேண்டும். விரல்களை நாள்தோறும் நீட்டி மடக்கிப் பயிற்சி தர வேண்டும். தலையில் பலத்த அடிபட்ட பிள்ளைக்கோ பேச்சும் நடையும் மீள மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். ஓர் இரவில் திரட்டிய தொகை இவ்வளவு தூரம் வருமா?

கோயில் நகரமாம் கும்பகோணத்தில் நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் கூறலாம். 2004 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் நாள், ஆடி வெள்ளிக்கிழமை, காசிராமன் தெருவிலிருந்த ஸ்ரீகிருஷ்ணா பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் மாண்டனர். 18 குழந்தைகள் தீக்காயங்களுடன் உயிர் பிழைத்தனர். உலகெங்கும் வாழும் தமிழர்கள் அன்று கண்ணீர் வடித்தனர். தமிழகப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. ஆனால் அவ்வழக்கில் தஞ்சை நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது 2014 ஆம் ஆண்டு ஜூலையில்தான். தீயில் வெந்தபோது எட்டு வயதாயிருந்த பிள்ளைக்கு அப்போது பதினெட்டு வயது. இழப்பீடு கோரிய பெற்றோரின் போராட்டம் அதற்குப் பின்னும் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீண்டது. முதல் வாரத்தில் அந்நகரில் குவிந்த கூட்டத்தையும், பத்தாம் ஆண்டில் நீதிமன்ற வாசலில் நின்ற பெற்றோரையும் ஒருசேர எண்ணிப் பார்ப்போருக்குக் காலக் கணக்கு என்பது எதுவென விளங்கும்.

புக்கிட் ரம்பாய் வட்டாரத்துக் குடும்பம் ஒன்றுக்கு இத்தகைய இடி விழுந்தால் என்ன நேரும் என்பதையும் பார்க்க வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கான கட்டணம் சொற்பமே. ஆகவே மருந்துச் செலவால் குடும்பம் நொடிவதைவிட, சம்பளம் நின்று நொடிவதே அதிகம். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலாக்கா மருத்துவமனையில் தாய் நாற்காலியிலேயே இரவு பகலாகக் கிடக்கிறாள். அவளது வேலை போய்விடுகிறது. தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை செய்யும் தகப்பனுக்கு மிகைநேரச் சம்பளம் போகிறது, வருகைப்படியும் போகிறது. 1955 ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வழங்கும் மருத்துவ விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தானே தவிர, பிள்ளையின் நோய்க்கு அன்று. கோலாலம்பூருக்கு அனுப்பினால் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் போக்குவரத்தும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார்? தோட்டக் காலத்தில் ஆயா கொட்டகை இருந்தது, பக்கத்து லயத்துப் பாட்டி இருந்தாள். தாமான் வீடுகளில் கதவு மூடிக் கிடக்கிறது.

இன்னுமொரு வேதனையும் உண்டு. சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இதே மலாக்கா மாநிலத்தில்தான் 2014 இல் திறக்கப்பட்டது. தொழிற்சாலையில் தகப்பனின் கை நசுங்கினால் அவனைக் கைதூக்கி விட 1969 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டில் மகனின் கை வெந்தால் அந்தச் சட்டம் அவனுக்குப் பேசாது, ஏனெனில் அது சந்தா செலுத்தும் தொழிலாளிக்காக எழுதப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது ஊர்தான், ஊருக்கு நடுவில் நிற்கும் ஆலயந்தான்.

இதற்குப் புதிய வழி தேட வேண்டியதில்லை. நகரத்தாரும் நாடார் சமூகத்தாரும் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவந்த மகமை முறை இருக்கிறது. வருவாயில் ஒரு சிறு பங்கை அவ்வப்போது தவறாமல் பொதுவுக்கு எடுத்து வைப்பதே மகமை. 1889 இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்ததும், காமராசர் போன்ற பிள்ளைகள் அங்கே பயின்றதும் மகமையாலும் வீடுதோறும் ஒதுக்கிய பிடி அரிசியாலுந்தான். ஓர் ஆலயத்தைச் சேர்ந்த 40 குடும்பங்கள் மாதம் 10 ரிங்கிட் வீதம் ஒதுக்கினால் 400 ரிங்கிட் சேரும். மூன்று ஆண்டுகளில் அது 14,400 ரிங்கிட். திருவிழா இரவில் சில ஆயிரம் ரிங்கிட் திரட்டிக் கொடுத்துக் கைகழுவுவதைக் காட்டிலும், மாதந்தோறும் வரும் அந்த 400 ரிங்கிட் வீட்டு வாடகைக்கும் பால்மாவுக்கும் உறுதியான துணையாகும். வாரம் இருமுறை காரில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல இருவர் முறைவைத்துக்கொண்டால் அதுவும் மகமைதான்.

பத்திரங்களைக் கவனிக்கத் தெரிந்த ஒருவரும் உடனிருக்க வேண்டும். சாலை விபத்தாயின் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்தாக வேண்டும். சிறுவர்க்கு வழக்குக் காலக்கெடு பொதுவாக 18 வயது நிரம்பிய பிறகே எண்ணப்படுகிறது என்றாலும், சாட்சிகளின் நினைவு அதுவரை காத்திருப்பதில்லை. கட்டிலருகே வந்து வெற்றுத் தாளில் கைநாட்டுக் கேட்கும் தரகர்களிடமிருந்து அக்குடும்பத்தைக் காப்பதும் பெரும் புண்ணியம். விலையுயர்ந்த கருவிகளுக்குச் சுகாதார அமைச்சு 2005 இல் தொடங்கிய மருத்துவ உதவி நிதி உண்டு. நிலைத்த குறைபாடு ஏற்பட்டுவிட்டால் சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிந்துகொள்ளலாம். மலாய்மொழிப் பாரங்களைக் கண்டு மிரளும் தாய்மார்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு காலைப் பொழுது வரிசையில் நிற்பதற்கு ஆள் இல்லாமலேயே எத்தனையோ விண்ணப்பங்கள் மேசைக்குப் போய்ச் சேர்வதில்லை.

பணத்தைவிடப் பெரிய கொடுமை சொல்லால் நேர்கிறது. ஆலயத்துக்கு வரும் தாயிடம், "தாய் கவனித்திருந்தால் இப்படி ஆகுமா?" என்று கேட்போர் உள்ளனர். முற்பிறவி வினை என்று அவள் காதுபடவே பேசுவோரும் உள்ளனர். ஐந்து வயதுப் பிள்ளையின் வெந்த முகத்தைப் பார்த்து வினைக்கணக்கு எழுதும் அதிகாரத்தை இவர்களுக்கு எவர் வழங்கினார் என்பது தெரியவில்லை. வினையை நம்புகிறவனுக்கே பிறர் துயரைத் துடைக்கும் கடமை இருமடங்காகிறது, அவனது வினையும் அங்கேதான் எழுதப்படுகிறது. அந்தப் பிள்ளையை மேடையேற்றித் தழும்பைக் காட்டி நிதி கேட்பதும் தவிர்க்கப்பட வேண்டும். நாளை அதே பிள்ளை தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்குத் திரும்பி உட்கார வேண்டும். மாதிரிக் காசோலையுடன் எடுத்த படம் அவனுக்கு முன்னதாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கக் கூடாது. பிள்ளை பிழைத்தால் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்ட தாயிடம், அந்த ஆண்டு அர்ச்சனைச் சீட்டுக்கும் காவடிக்கும் கட்டணம் வாங்காமல் விடுவதால் எந்த ஆலயமும் ஏழையாகிவிடாது.

கணக்கைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும், ஏனெனில் நல்ல முயற்சிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதற்கு 1947 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். திருவிழாப் பணமும் பிள்ளைக்குரிய பணமும் ஒரே பெட்டியில் கலக்கலாகாது. தொகை தாயின் பெயரும் இடம்பெற்ற கணக்கில் சேர வேண்டும். கொடுத்தவர்க்கு இரசீதும், அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் வரவு செலவும் வேண்டும்.

திருவிழா முடிந்து சில வாரங்களில் எல்லா ஆலயங்களிலும் வரவு செலவுக் கூட்டம் நடைபெறும். பந்தல் செலவு, மேளக் கச்சேரிச் செலவு, மீதி இருப்பு ஆகியவை வாசிக்கப்படும். அந்த நிகழ்ச்சி நிரலில் இந்த மகமையையும் ஓர் உருப்படியாகச் சேர்த்து, புக்கிட் ரம்பாய், செங், தஞ்சோங் மின்யாக், சுங்கை ஊடாங் வட்டார ஆலயங்கள் தத்தம் பகுதியில் அடிபட்டுக் கிடக்கும் பிள்ளை எவரேனும் உண்டா என்று அன்றே விசாரிக்கலாம்.