வேண்டாம் என்று சொல்லும் உரிமை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கருவி மனிதனுக்காகவா, மனிதன் கருவிக்காகவா? விஞ்ஞானம் பயிலும் நாம் அவ்வப்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இன்று இக்கேள்வியை எழுப்பியிருப்பது விண்கலமும் அல்ல, அணு உலையும் அல்ல. நாம் அன்றாடம் திறந்து மூடும் இணைய உலாவிதான்.

உலாவியின் கடமை எளியது. 1990-ஆம் ஆண்டில் செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் உலாவியை உருவாக்கினார். எங்கோ ஒரு கணினியில் இருக்கும் பக்கத்தைக் கொண்டுவந்து நம் கண்முன் வைப்பதும், அதை எழுதித் திருத்த உதவுவதுமே அதன் வேலையாக இருந்தன. படிப்பது நம் பொறுப்பு. பொருள் காண்பதும் நம் பொறுப்பு.

அண்மைக் காலத்தில் நிலைமை மாறிவிட்டது. 2023-இல் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில், செயற்கை நுண்ணறிவால் உரையாடும் இயந்திரம் ஓரமாகக் குடியேறியது. 2024-இல் ஃபயர்ஃபாக்ஸிலும் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் குரோம் உலாவிக்குள் ஜெமினி வந்து அமர்ந்தது. "சுருக்கித் தரட்டுமா? எழுதித் தரட்டுமா?" என்று இவை நம்மைக் கேட்கின்றன. ஆனால் "நான் உள்ளே வரட்டுமா?" என்பதை மட்டும் பெரும்பாலும் எவரும் கேட்கவில்லை.

நான் விஞ்ஞானத்தின் எதிரி அல்லன். இவ்வசதிகளுக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். ஆங்கிலப் பாடநூலில் ஒரு பத்தி புரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள நம் வீட்டில் ஆளில்லை. அத்தகைய மாணவனுக்கு, நள்ளிரவிலும் சலிக்காமல் விளக்கம் சொல்லும் இயந்திரம் ஒரு வரப்பிரசாதம் அல்லவா என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த இயந்திரம் தவறான விளக்கம் தந்தால், "இது தவறு" என்று சொல்லவும் நம் வீட்டில் ஆளில்லையே! படித்த பெற்றோரின் பிள்ளைக்குப் பிழையைத் திருத்த ஒருவர் இருப்பார். நமக்கு இருக்கும் ஒரே காவல், மூலப் பக்கத்தை நாமே தட்டுத் தடுமாறிப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம்தான். படிக்கத் தொடங்கும் முன்பே சுருக்கத்தை நீட்டும் பொத்தான், அந்தப் பழக்கம் வேர்விடும் முன் நிழலை விரித்துவிடுகிறது. நாமாக அழைத்தால் வரும் ஆசான் வேறு. அழைக்காமலே வந்து புத்தகத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் அமர்பவர் வேறு.

அடுத்தது, நாம் படிக்கும் பக்கம் எங்கே போகிறது என்ற வினா. எல்லா வசதிகளும் ஒன்றல்ல. ஃபயர்ஃபாக்ஸில் 2023-இல் வந்த மொழிபெயர்ப்பு வசதி நம் கணினிக்குள்ளேயே வேலை செய்கிறது. நாம் படிக்கும் பக்கத்தை மொழிபெயர்ப்புக்காக வெளியே அனுப்புவதில்லை. ஆனால் உரையாடும் இயந்திரத்திடம் ஒரு பக்கத்தைக் கொடுத்துச் சுருக்கச் சொன்னால், பொதுவாக அது அந்நிறுவனத்தின் கணினிக்குச் சென்றே திரும்புகிறது. இந்த வேறுபாட்டை அறிந்தவனே எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்க முடியும்.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. 2025 ஆகஸ்டில் பிரேவ் உலாவி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பெர்ப்ளெக்சிட்டியின் காமெட் உலாவியில் ஒரு குறையை எடுத்துக்காட்டினர். இணையப் பக்கத்தில் மறைவாக எழுதப்பட்ட கட்டளைகளை, பயனரே இட்ட கட்டளைகளாக எண்ணி அவ்வுலாவி நிறைவேற்றக் கூடும் என்பதே அது. சுருக்கம் கேட்டவனுக்குச் சூழ்ச்சி கிடைக்கிறது!

"பிடிக்காவிட்டால் மூடிவிட வேண்டியதுதானே?" என்பர் சிலர். மூடுவது எளிதாக இருந்ததா? ஃபயர்ஃபாக்ஸில் இவற்றை முழுமையாக ஒழிக்க விரும்பியவர், முகவரிக் கட்டத்தில் 'அபவுட்:கான்ஃபிக்' என்று தட்டச்சு செய்து, எச்சரிக்கை அறிவிப்பு ஒன்றைக் கடந்து, ஏராளமான வரிகளுக்கு நடுவே 'பிரவுசர்.எம்.எல்' என்று தொடங்குபவற்றைத் தேடி, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. கணினித் துறை மாணவனே திணறும் வேலை இது. சாதாரண மனிதன் என்ன செய்வான்?

2025 டிசம்பரில் மொசில்லாவின் புதிய தலைவர், ஃபயர்ஃபாக்ஸை நவீனச் செயற்கை நுண்ணறிவு உலாவியாக வளர்க்கப்போவதாக அறிவித்தார். பயனர்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2026 பிப்ரவரியில் வெளிவந்த 148-ஆம் பதிப்பில், இவ்வசதிகள் அனைத்தையும் ஒருசேர நிறுத்தும் ஒரே சுவிட்சு அமைப்புகள் பக்கத்தில் இடம்பெற்றது. அதை அழுத்தினால், இனிமேல் வரப்போகும் வசதிகளும் தடுக்கப்படும். மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடவும் வழியுண்டு. விவால்டி உலாவியோ 2025 ஆகஸ்டிலேயே உரையாடும் இயந்திரத்தையும் சுருக்கும் வசதியையும் இப்போதைக்குச் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. பயனர்கள் வாய் திறந்தால் நிறுவனங்கள் செவி சாய்க்கும் என்பதற்கு ஃபயர்ஃபாக்ஸின் சுவிட்சே சான்று.

ஆயினும் எனக்கு முழு நிறைவு இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு "தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது, தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பது பாதி நியாயமே. தாழிட்ட கதவை வீட்டுக்காரர் விரும்பினால் திறக்கட்டும் என்பதே முழு நியாயம். பெரும்பாலோர் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தும் பார்ப்பதில்லை. எனவே தொடக்கத்தில் எப்படி இருக்கிறதோ, அப்படியேதான் கடைசிவரை இருக்கும். தொடக்க நிலையைத் தீர்மானிப்பவரே நம் பழக்கத்தையும் தீர்மானிக்கிறார்.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள். பல கணினிகளை மொத்தமாக நிர்வகிக்கும் கல்வி நிலையங்கள், குரோம் போன்ற உலாவிகளில் இவ்வசதிகளின் தொடக்க நிலையை நிர்வாக விதியின் மூலம் அமைக்க முடியும். நம் கணினி ஆய்வகத்தில் அவற்றை மூடிய நிலையில் வைத்து, தேவைப்படும் மாணவர் கேட்டுத் திறந்துகொள்ள வழிசெய்யலாம். முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, எது கணினிக்குள் நடக்கிறது, எது வெளியே போகிறது என்பதையும் விளக்கலாம். இதற்குப் பெரும் செலவும் தேவையில்லை.

மாணவத் தோழர்களே! இயந்திரத்தின் துணையை வெறுக்க வேண்டாம். முதலில் நாம் படிப்போம். முட்டுப்பட்ட இடத்தில் அதை அழைப்போம். அது சொன்னதை மூலத்தோடு ஒப்பிடுவோம். அழைக்கும் உரிமையைப் போலவே, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நம் கையில்தான் இருக்க வேண்டும். இன்றே உங்கள் உலாவியின் அமைப்புகள் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே உங்களைக் கேட்காமல் எத்தனை முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரியவரும்.