லாஸ்பேட்டையிலிருந்து ஊருக்குள்

லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து கடற்கரைக்குச் சுமார் 6 கி.மீ.தான். இதற்கு டாக்சிக்காரர் கேட்கும் தொகை அதிகம் என்று நம்மவர்கள் குறைப்படுகிறார்கள். அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கிய பெங்களூர், ஹைதராபாத் சேவைக்கு வருவது 78 பேர் அமரும் ஏடிஆர் விமானம். ஒரு விமானம் போய் அடுத்தது வரும்வரை அங்கே சவாரி ஏது? காத்திருந்த நேரத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறார்.

ஆகவே இது பேரம் பேசித் தீருகிற விஷயமல்ல. புல்வார்டு, பேருந்து நிலையம், ரயிலடி, ஜிப்மர் என்று இடவாரியாகக் கட்டணம் நிர்ணயித்து, வாசலில் கண்ணில் படும்படி பெரிதாக எழுதி வைக்கட்டும். அதில் காத்திருப்புக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். விமான நேரத்துக்கு ஒரு மினி பஸ்ஸும் விட்டால், வயதானவர்கள் பெட்டியோடு வெயிலில் நின்று வாதாட வேண்டியிருக்காது.