வாசனை வந்தா கோயில் சுத்தமாயிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டணும்னா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

போன வெள்ளிக்கிழமை எங்க தோட்டத்துக் கோயில்ல நாலு பெண்கள் இரண்டு மணி நேரம் மண்டியிட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்ச்சு எடுத்தாங்க. சுடுதண்ணி, சீயக்காய், தேங்காய்நார், அவ்வளவுதான். நிர்வாகத்துல இருந்து வந்தவர் வாசல்லயே நின்னு, "இன்னிக்குக் கழுவலையா?"ன்னு கேட்டார். அதுக்கு முந்தின வாரம் நல்ல மழை, ஆள் வரல. எலுமிச்சை வாசனைத் திரவத்தை வாளித் தண்ணியில கலந்து மண்டபத்து மூலையில வெச்சோம், துடைக்கவே இல்ல. அன்னிக்கு அதே ஆள், "பளிச்சுன்னு இருக்கு"ன்னு பாராட்டினார். வெட்கத்தோட ஒத்துக்கிறோம்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. மூக்கு மனுஷனை அப்படித்தான் ஆட்டுது. 2005-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எலுமிச்சை வாடை அடிக்கிற கிளீனர் வாளியை ஒளிச்சு வெச்சிருக்காங்க. அந்த வாடை பட்டவங்க, பிஸ்கட் தின்ன பிறகு மேசையில விழுந்த தூளை மத்தவங்களைவிட அதிகமா துடைச்சாங்களாம். வாடைதான் காரணம்னு அவங்களுக்கே தெரியல.

அப்போ கோயில்லயும் ஊத்துவோம், சனங்க குப்பை போடமாட்டாங்கன்னு சொல்றீங்களா? அன்னதான வாழையிலையைப் போட ஒரு தொட்டி இல்லாத இடத்துல வாசனை என்னத்த செய்யும்?

எங்கள்ல பாதிப் பேர் தேயிலை பேக்டரி ஆளுங்க. தேயிலை பக்கத்துல இருக்கிற எந்த வாடையையும் இழுத்துக்கும். அதனால வாசனைச் சாமான் எதையும் கிட்ட சேர்க்கமாட்டோம். இலை உருட்டுற மெசின் இடுக்குல பழைய இலை ஒட்டியிருக்கான்னு விரல் விட்டுத்தான் பார்ப்போம். வியாபாரத்துக்கு இருக்கிற அக்கறை சாமி சந்நிதிக்கு வேண்டாமா? அங்க கற்பூரமும் சாம்பிராணியும் மணக்கட்டும்.

இன்னொண்ணு, இதுதான் எழுத வெச்சது. "வாசனையே வரல"ன்னு பேச்சு வாங்கின ஒரு அக்கா, அடுத்த நாள் கழிவறையில பிளீச்சையும் டாய்லெட் ஆசிட்டையும் சேர்த்து ஊத்திட்டாங்க. அது ரெண்டும் கலந்தா குளோரின் வாயு கிளம்பும். இருமி இருமி வெளியே ஓடி வந்து, படிக்கட்டுல உக்காந்து அழுதாங்க. பாராட்டு வேண்டாம், பழியாவது சொல்லாம இருந்திருக்கலாம்.

நிர்வாகத்தாரே, வாசனை பாட்டில் காசுக்குக் கையுறை, நல்ல பிரஷ், மூடி போட்ட குப்பைத் தொட்டி வாங்குங்க. வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து, கொடிமரத்துக்குப் பின்னால தரையை விரலால தொட்டுப் பாருங்க. தேங்காய்நார் நாங்க கொண்டு வர்றோம்.