நூற்றிருபது கண்கள்

புள்ளியியலாளருக்குக் கணக்கு தெரிந்தால் போதும், பேச்சுத்திறன் இருந்தால் கூடுதல் அழகு என்ற நம்பிக்கை நம் கல்லூரிகளில் ஆழமாக வேரோடியிருக்கிறது. இது ஆய்வுகளைக் கெடுக்கும் நம்பிக்கை.

கண் மருத்துவர் ஒருவர் எக்செல் கோப்போடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பி வேல்யூ மட்டும் போட்டுக் கொடுங்க சார்." கோப்பில் 120 வரிசைகள். கணக்கு மட்டும் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் விடை தந்துவிடுவார். "ஒரு வரிசைன்னா ஒரு நோயாளியா டாக்டர்?" என்று கேட்பவருக்குத்தான் விஷயம் பிடிபடும்: நோயாளிகள் 60 பேர், ஆளுக்கு இரண்டு கண். ஒருவருடைய வலக்கண்ணும் இடக்கண்ணும் ஒரே வயது, ஒரே சர்க்கரை, ஒரே ரத்தம். அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால், முடிவுக்கு இல்லாத உறுதி வந்துவிடும். மென்பொருள் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது. அங்கே அந்தக் கேள்விதான் புள்ளியியல்.

1919இல் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர், வயலறிந்தவர்கள் நடுவில் இருந்துதான் தன் சோதனை முறைகளை உருவாக்கினார். ஒரே வயலில் ஒரு மூலை செழிப்பாகவும் மறுமூலை சத்தற்றும் இருக்கும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவதுதான் என்று 1938இல் கல்கத்தாவில் அவர் எச்சரித்தார். இன்றும் நம்மைக் கடைசியில்தான் கூப்பிடுகிறார்கள்.

நம் நாட்டு அனுபவமும் உண்டு. வயலின் மிகச் சிறிய துண்டுகளில் பயிரை அறுத்துப் பார்த்தால் விளைச்சல் மதிப்பீடு உண்மையைவிட ஏறிவிடும் என்று 1940களில் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே காட்டினார். எல்லைக்கோட்டில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துவிடுவது அறுப்பவர் கைப்பழக்கம். வரப்பில் நின்று பார்க்காதவருக்கு இது எப்படித் தெரியும்?

சொல்லும் விதமும் சிறிய விஷயமல்ல. தற்செயலால் மட்டும் இப்படி வருவது அரிது என்ற பொருளில் புள்ளியியலாளர்களான நாம் 'சிக்னிஃபிகன்ட்' என்றால், மருத்துவர் காதில் 'முக்கியம்' என்று விழுகிறது. பல்லாயிரம் பேரிடம் சோதித்தால், ரத்த அழுத்தம் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் அந்தச் சொல் கிடைத்துவிடும். அந்தச் சொல்லைத் தீர்மானிக்கும் பி மதிப்பு (பி வேல்யூ) விளைவின் அளவைக் காட்டாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது.

ஆய்வாளர்கள்தான் புள்ளியியல் கற்றுக்கொள்ள வேண்டும் என்பார்கள் சிலர். கற்கட்டும். ஆனால் தங்கள் கோப்பில் எது சிக்கல் என்று அறியாததால்தானே நம்மிடம் வருகிறார்கள்? கேட்க வேண்டியது நாம். முதுகலை மாணவர்களை ஒரு பருவமாவது புறநோயாளிப் பிரிவிலும் நெல் வயலிலும் உட்கார வையுங்கள். அதற்கும் தேர்வு மதிப்பெண் கொடுங்கள்.